இரும்பு வேலிக்கு அந்தப் பக்கம்

அவளைத் தெருவில் எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பதால் வந்த பெயர் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பழைய ஆட்களுக்கு விஷயம் தெரியும். கையிலிருந்த கத்திரியைவிட வாயிலிருந்த கத்திரிக்குத்தான் கூர்மை அதிகம். நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தால் போதும், மீதியை இவளே துண்டு துண்டாக நறுக்கி முடித்துவிடுவாள். தலைபாரமும் குறைந்தது, மனபாரமும் குறைந்தது என்று சொல்லிக்கொண்டே அவர்கள் எழுந்து போவார்கள்.

படிப்பு பாதியில் நின்றபோது ஒரு பெரிய அழகு நிலையத்தில் தரையில் விழும் முடியைப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். குனிந்து பெருக்கினாலும் கண் மட்டும் நிமிர்ந்தே இருந்தது. முதலாளியம்மா எந்தத் தலைக்கு எப்படிக் கத்திரி பிடிக்கிறாள் என்பதைப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டது தெரிந்ததும் முதலாளியம்மா விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டுச் சீப்பைக் கொடுத்தாள். கல்யாணம் ஆகும் காலத்தில் அந்த நிலையத்தில் இவளுக்காகவே காத்திருக்கும் வாடிக்கைக்காரிகள் இருந்தார்கள்.

கட்டிக்கொண்டது ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை. தங்கமான மனிதர், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். அவர் பேசுகிற பேச்செல்லாம் கம்ப்ரஸரோடு முடிந்துவிடுகிறது, வீட்டுக்கு மிச்சம் வருவதில்லை என்பாள் கத்திரி. வீட்டில் அவருடைய அக்காவும் இருந்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போனவர், ஊன்றுகோல் வைத்து நடப்பவர். கல்யாணம் வேண்டாம் என்று தானே முடிவு செய்துகொண்டு, திரைச்சீலை தைத்து, தம்பியை ஆளாக்கி, வீட்டை ஒரு பிடியில் வைத்திருந்தவர். வந்த மருமகளுக்கோ வாய் நீளம். கேட்க வேண்டுமா?

நாத்தனாருக்கும் கத்திரிக்கும் ஒரு வருடத்துக்கு மேல் நேர்ப் பேச்சே கிடையாது. ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, “உங்க அக்காகிட்ட சொல்லுங்க, ஜன்னலைச் சாத்தணுமாம்” என்பாள் இவள். “உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, எனக்குக் காத்து வேணுமாம்” என்பார் அவர். நடுவில் மெக்கானிக் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி தலையாட்டுவார். அப்புறம் ஒரு முறை வேலை விஷயமாக அவர் வெளியூர் போகவேண்டி வந்தது. சேதி சொல்ல வீட்டில் ஆள் இல்லை. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்கள். மூன்றாம் நாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கத்திரி வழக்கப்படி, “உங்க அக்காகிட்ட சொல்லுங்க” என்று காலி நாற்காலியைப் பார்த்து ஆரம்பித்தாள். நாத்தனார் சிரித்துவிட்டார். இவளும் சிரித்துவிட்டாள். மெக்கானிக் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பற்றிக் குறை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அண்ணி, அண்ணி என்று ஈருடல் ஓருயிர்தான். கத்திரி சொந்தமாகக் கடை போட்டபோது ஜன்னல் திரை, நாற்காலி உறை, கழுத்தில் கட்டும் துணி எல்லாம் நாத்தனார் தைத்தது. முதல் வாடிக்கையும் அவரே. இடுப்பு வரைக்கும் வளர்த்த முடியை, “வெட்டு, பாக்கலாம்” என்று நாற்காலியில் உட்கார்ந்து கொடுத்தார். பின்னர் எதிர்ப்பக்கம் ஒரு கட்டிடத்தில் தரைத்தளத்தில் சின்ன வீடு ஒன்று கிடைத்ததும் தனியாகப் போய்விட்டார். கோபத்தால் அல்ல. படி ஏற வேண்டாம், யாருக்காகவும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டாம், தன் சாவி தன் இடுப்பில் இருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கடைக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் ஒரு ரோடு. அவ்வளவுதான்.

காலை நெரிசல் அடங்கியதும் நாத்தனார் அந்தப் பக்கம் வாசலுக்கு வருவார். கத்திரி எந்தத் தலையில் கை வைத்திருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, சீப்போடு நடுரோட்டுக்கு இறங்கிவிடுவாள். கையை நீட்டி நிற்பாள். சீப்பு பிடித்த பெண்ணைக் கண்டு லாரிக்காரர்கள்கூட பிரேக் போட்டார்கள். யாராவது ஹாரன் அடித்தால் அவனுடைய பிறப்பு வளர்ப்பெல்லாம் அலசப்படும். ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி நாத்தனார் நிதானமாகக் கடந்து வருவார். வந்ததும் கடையில் மூலை மேஜை அவருடையது. போன் எடுப்பது, காத்திருப்பவர்களுக்கு முறை சொல்வது, தைக்க வேண்டிய விளிம்புகளைத் தைப்பது. மத்தியானம் இரண்டு பேரும் பின்னறையில் சாப்பிடுவார்கள். சாயங்காலம் திரும்ப அதே ஊர்வலம்.

ரோடு மட்டும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் கொஞ்சம் கொழுத்தது. நடைபாதையைத் தின்றது, மரங்களைத் தின்றது. வண்டிகள் நிற்க மறந்தன. ஒரு நாள் பால் போடுகிறவரை ஒரு வேன் இடித்து இடுப்பெலும்பு முறிந்தது. இரட்டைக் குழந்தைக்காரியின் தள்ளுவண்டியை ஒரு மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு போனது. பிள்ளைகள் உள்ளே இல்லாதது புண்ணியம். அதற்கப்புறம் தெருவே கேட்க ஆரம்பித்தது: நடுவில் ஒரு சிக்னல் வையுங்கள், நடப்பவர்கள் கடக்கச் சிவப்பு விளக்கு போடுங்கள். கேட்டவர்களிடம் யாரும் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேப் மேடம் வந்தாள். முதலில் வந்தது முடி வெட்டிக்கொள்ள. தோளில் நீளக் குழாய் ஒன்று தொங்கியது, உள்ளே சுருட்டிய வரைபடங்கள். சாலைத் திட்ட அலுவலகத்தில் வேலை, குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்டு மேலே சொல்வது தன் பொறுப்பு என்றாள். எப்படி வெட்ட வேண்டும் என்று கத்திரி கேட்டதற்கு, “எங்க மேலதிகாரி பாத்து பயப்படற மாதிரி” என்றாள். கத்திரிக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துப்போயிற்று.

பிறகு முடி வளராமலே வர ஆரம்பித்தாள். பின்னறையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்காருவாள். கத்திரிக்கும் நாத்தனாருக்கும் வைத்த சாப்பாட்டில் உரிமையோடு கை வைப்பாள். அம்மா படுக்கையில் கிடப்பதையும், நிச்சயம் ஆன கல்யாணம் நின்றுபோனதையும் சொல்லி ஒரு நாள் அழுதாள். கத்திரிக்கு வாடிக்கைக்காரிகள் ஏராளம். தோழி என்று சொல்லிக்கொள்ள நாத்தனாரைத் தவிர யாரும் இருந்ததில்லை. இப்போது இன்னொருத்தி கிடைத்தாள். மேடம் என்று ஆரம்பித்தது நீ, வா, போ என்று ஆனது. நாத்தனாருக்கும் அவளைப் பிடித்திருந்தது. அவளுடைய சட்டையில் பிரிந்திருந்த தையலைக் கழற்றச் சொல்லிச் சரிசெய்து கொடுப்பார்.

மெக்கானிக் மட்டும், “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். அவளை அனுப்பறவங்க யாருன்னு தெரியலையே” என்றார். வருடத்துக்கு ஒரு முறை பேசினாலும் அபசகுனமாகத்தான் பேசுவீர்கள் என்று கத்திரி அவர் வாயை அடைத்தாள்.

மக்கள் கருத்துக் கூட்டத்துக்கு மண்டபம் கிடைக்கவில்லை, ஜனங்களும் வர மாட்டேன் என்கிறார்கள் என்று மேப் மேடம் ஒரு நாள் சலித்துக்கொண்டாள். கத்திரி தன் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஆள் சேர்க்கும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டாள். கழுத்தில் துணி கட்டி, தலையைக் குனிய வைத்து, காதருகே கத்திரியை வைத்துக்கொண்டு கேட்டால் யார்தான் வர மாட்டேன் என்பார்கள்? இரட்டைக் குழந்தைக்காரி, சாவி செய்கிறவர், மருந்துக் கடைக்காரர், நடக்கத் தொடங்கியிருந்த பால்காரர் என்று வீட்டுக்கு ஒருவராவது வந்தார்கள். நாற்காலி போதாமல் முடி உலர்த்தும் இயந்திரத்தின் கீழேயும் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் பேசினார்கள். சாவிக்காரர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். இந்த மாதிரிக் கூட்டமெல்லாம் கண்துடைப்பு, எல்லாம் முன்னாலேயே முடிவாகியிருக்கும் என்றார். மேப் மேடம் அவரைப் பார்த்து, “அப்படி இல்லண்ணா. இன்னும் ஒண்ணும் முடிவாகல. அதுக்குத்தான் உங்ககிட்ட கேக்கறோம்” என்றாள். அந்தக் குரலில் ஒரு கள்ளமும் தெரியவில்லை. கத்திரியும் எழுந்து, இவள் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி, இவள் சொன்னால் நான் சொன்ன மாதிரி என்று உத்தரவாதம் கொடுத்தாள். சாவிக்காரர் உட்கார்ந்தார்.

நாத்தனார் பேச மாட்டேன் என்று மூலையில் ஒதுங்கியிருந்தார். நாலு பேர் முன்னால் அவர் வாழ்நாளில் பேசியதில்லை. கத்திரி விடவில்லை. நீங்கள் பேசாமல் இந்தத் தெருவில் வேறு யார் பேசுவது, தினமும் உயிரைப் பணயம் வைப்பவர் நீங்கள்தானே என்று கையைப் பிடித்து எழுப்பினாள். நாத்தனார் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மேப் மேடம் தன் போனை அவர் முன் நீட்டி ஒலிப்பதிவை ஓடவிட்டாள்.

“பெருசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. தினமும் கடக்கறேன். நடுரோட்டுல நிக்கும்போது முன்னாடியும் வண்டி, பின்னாடியும் வண்டி. உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வயசாக வயசாக பயம் கூடிக்கிட்டே போகுது. ஆனா நான் கடந்துதான் ஆகணும். என் ஜனமெல்லாம் இந்தப் பக்கம் இருக்கு. ஒரு விளக்கைப் போட்டு வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்க. மெதுவாத்தான் வருவேன். ஆனா வந்துடுவேன்.”

மேப் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் நாத்தனாரை வாசலில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தாள். வெட்கப்பட்டுச் சிரித்த சிரிப்பு அப்படியே அந்தப் படத்தில் விழுந்தது. அன்றைக்கெல்லாம் நாத்தனார் உற்சாகமாக இருந்தார். நான் சரியாகப் பேசினேனா, விளக்கு என்று சொன்னேனே, சிக்னல் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மழைக்காலம் முடிந்து ரோட்டைத் தோண்ட ஆரம்பித்தார்கள். தெருவே சந்தோஷப்பட்டது. தூசி பறந்து கடைக் கண்ணாடியெல்லாம் மண்ணானபோதும், சிக்னலுக்குக் கம்பி புதைக்கிறார்கள் என்று கத்திரி துடைத்துக்கொண்டே சொன்னாள். மேப் மேடம் வருவது குறைந்திருந்தது. வேலை தலைக்கு மேல் இருக்கும் என்று கத்திரி நினைத்துக்கொண்டாள்.

பிறகு ரோட்டின் நடுவில் இரும்பு வேலி முளைத்தது. மார்பு உயரம், கூர் முனை. ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை இடைவெளியே இல்லை. சிக்னலுக்கு எங்கே இடம் விடுவார்கள் என்று கத்திரி வேலைக்காரர்களைக் கேட்டாள். எங்களுக்குக் காட்டிய படத்தில் சிக்னல் இல்லை அக்கா, பாலம்தான் இருக்கிறது என்றார்கள். நடப்பவர்களுக்கு மேம்பாலம். அவர்கள் கை காட்டிய இடத்தில் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் செங்குத்தான படிகள். லிஃப்டுக்காக ஒரு காலிக் கூண்டு மட்டும் கட்டியிருந்தார்கள். லிஃப்ட் அடுத்த கட்டத்தில் வருமாம்.

கத்திரி மேப் மேடத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படியே. அப்புறம் கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று ஒரு செய்தி வந்தது. பிறகு என்பது வரவே இல்லை. அப்படியும் கத்திரி அவளை விட்டுக்கொடுக்கவில்லை. சாவிக்காரர் கடை வாசலில் நின்று, “உங்க கடையில உக்காந்துதானே முடிவு பண்ணீங்க” என்று கேட்டபோது, அவளுக்கே தெரிந்திருக்காது, தெரிந்தால் சும்மா இருப்பாளா என்று சண்டைக்குப் போனாள். இரட்டைக் குழந்தைக்காரி ஒன்றும் கேட்கவில்லை. முடி வெட்ட வேறு கடைக்குப் போக ஆரம்பித்தாள்.

வேலி முழுதாக மூடிய நாளிலிருந்து நாத்தனார் கடைக்கு வரவில்லை. வர வழியில்லை. வெகு தூரத்தில் ரோட்டுக் கோடியில் இருந்த சிக்னல் வரைக்கும் போய்ச் சுற்றி வருவது அவர் காலுக்கு ஆகாத காரியம். மெக்கானிக் ஸ்கூட்டரில் ஏற்றி வருகிறேன் என்றார். ஒரு நாள் ஏற்றியும் வந்தார். நாத்தனார் இறங்கும்போது தடுமாறி விழப்போனார். வேண்டாம், சரக்கு ஏற்றுகிற மாதிரி என்னை ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லிஃப்ட் வரட்டும், வருவேன் என்றார். அப்போதும் அவருக்கு நம்பிக்கை இருந்தது. அந்தப் பெண் நாம் சொன்னதை அப்படியே மேலே சொல்லியிருப்பாள், நேரம் ஆகிறது என்று போனில் கத்திரிக்கே ஆறுதல் சொன்னார்.

திறப்பு விழா ஒரு காலை வேளையில் நடந்தது. பாலத்தின் அடியில், கத்திரியின் கடைப் பக்கம், மேடை போட்டிருந்தார்கள். பாலத்தின் நெற்றியில் ரோட்டையே மறைக்கிற மாதிரி ஒரு பெரிய பேனர். அதில் நாத்தனாரின் முகம். வெட்கப்பட்டுச் சிரித்த அதே முகம், தோளுக்குக் கீழே ஊன்றுகோலின் கைப்பிடி. பக்கத்தில், ‘மக்கள் கேட்டார்கள், நாங்கள் செய்தோம்’ என்ற வாசகம். கத்திரிக்கு முதலில் பெருமைதான் பொங்கியது. தெரிந்த முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்த்த மயக்கம். அடுத்த மூச்சில் அந்தப் படிகளைப் பார்த்தாள்.

மேடையில் மேப் மேடம் நின்றிருந்தாள். முடி வளர்ந்து, வேறெங்கோ வெட்டியிருந்தாள். மைக்கைக் கையில் வாங்கி, இந்தத் திட்டத்தின் ஒவ்வொரு படியிலும் குடியிருப்பவர்களின் குரல் இருக்கிறது என்றாள். அந்தக் குரலைக் கேளுங்கள் என்றாள்.

தெரு முழுக்க நாத்தனாரின் குரல் எழுந்தது. தினமும் கடக்கறேன். நடுரோட்டுல நிக்கும்போது முன்னாடியும் வண்டி, பின்னாடியும் வண்டி. உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வயசாக வயசாக பயம் கூடிக்கிட்டே போகுது.

அத்தோடு நின்றது. கை தட்டினார்கள். மீதி வார்த்தைகள் வரும் என்று கத்திரி காத்திருந்தாள். விளக்கு என்ற சொல், வந்துடுவேன் என்ற சொல். வரவில்லை. இனிமேல் யாரும் பயத்தோடு ரோட்டில் இறங்க வேண்டியதில்லை, இறங்கவும் முடியாது என்று மேடையில் வேறொருவர் பேச ஆரம்பித்திருந்தார்.

கத்திரி திரும்பிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், வீட்டு வாசலில், நாத்தனார் நின்றிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம். தன் குரலையே கேட்டு வெளியே வந்திருக்க வேண்டும். பேனரைப் பார்த்தார், கத்திரியைப் பார்த்தார். ஊன்றுகோலைத் திருப்பி ஊன்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விழா கலைந்து கார்கள் நின்ற இடத்தில் கத்திரி மேப் மேடத்தைப் பிடித்தாள். திட்டிக் கிழிக்கத்தான் போனாள். ஊரறிந்த அந்த வாய் அப்போது ஒத்துழைக்கவில்லை. “எப்ப தெரியும்?” என்று மட்டும் கேட்டாள்.

மேப் மேடம் சுற்றுமுற்றும் பார்த்தாள். “அக்கா, இங்க வேண்டாம்.”

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

‘நீ’ போய் ‘நீங்கள்’ வந்துவிட்டதை அவளும் கவனித்தாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “பாலம்னு ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க. நான் உங்க கடைக்கு முதல் தடவை வர்றதுக்கு முன்னாடியே. ஜனங்க கருத்து கேட்டோம்னு காட்டணும், அது விதி. நான் சிக்னலும் வேணும்னு சொல்லிப் பாத்தேன். நிஜமாவே சொன்னேன்.”

“அப்ப, ஒண்ணும் முடிவாகலன்னு சொன்னது?”

“அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாங்க.”

“எங்க அண்ணி பேச்சை வெட்டினது யாரு?”

மேப் மேடம் கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டு மூடினாள். உங்களோடு பழகினது பொய் இல்லை அக்கா, அதை மட்டும் நம்புங்கள் என்றாள். அழுகிற மாதிரி இருந்தது முகம். கத்திரிக்கு அந்த முகத்தைத் தெரியும். பின்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அம்மாவுக்காக அழுத முகம். அதே முகம்தான் நாத்தனார் பேசியபோதும் கண்ணைத் துடைத்தது. எது நிஜ அழுகை, எது வேலைக்கான அழுகை என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டுமே நிஜமாக இருக்கலாம் என்று தோன்றியதுதான் அவளை இன்னும் கொன்றது.

“போனையாவது எடுத்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அந்தப் பாலத்தில் முதல் முறையாக ஏறினாள். நல்ல கால் உள்ள அவளுக்கே முட்டி வலித்தது. நாத்தனார் வீட்டுக் கதவு தாழிட்டிருந்தது. வெகு நேரம் தட்டிய பிறகு திறந்தார். தையல் இயந்திரத்தில் பாதி தைத்த திரை தொங்கியது. கத்திரி நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். எனக்குத் தெரியாது அண்ணி, சத்தியமாகத் தெரியாது என்றாள்.

நாத்தனார் குரலை உயர்த்தவில்லை. “உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். நான் வாயே திறக்க மாட்டேன்னு சொன்னேன். நீதான் கையப் புடிச்சு எழுப்பின. என் பயத்தைக் கேட்டு வாங்கி எனக்கே வேலியா போட்டுட்டாங்க. வாங்கின இடம் உன் கடை.”

கத்திரி குனிந்து, தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினாள்.

“அந்த மூஞ்சியை எறக்கச் சொல்லு. அது போதும்” என்றார் நாத்தனார். இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் மெக்கானிக் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கத்திரி பின்னாலேயே போனாள். பாலத்துக் காவலாளி ஓடி வந்தார். மேலிடத்தில் கேட்காமல் கை வைக்கக் கூடாது, என் வேலை போய்விடும் என்றார். மெக்கானிக் ஏணியைச் சாத்திவிட்டு நின்றார். கத்திரி அவருடைய கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தாள்.

“இது எங்க அக்கா. எங்க அக்கா மூஞ்சியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக நான் எவனையும் கேக்க வேண்டியதில்ல.”

காவலாளி பேனரை அண்ணாந்து பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு வந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். கட்டியிருந்த கம்பி முறுக்கு அவிழவில்லை. சாவிக்காரர் கடையைத் திறக்க வந்தவர், கொஞ்ச நேரம் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு குறடோடு வந்தார். கத்திரியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மெக்கானிக்கிடம் குறடை நீட்டிவிட்டு, பேனரின் ஒரு முனையைத் தாங்கிப் பிடித்தார். பெரிய சத்தத்தோடு அது சரிந்து அவர்கள் தலைமேல் விழுந்தது.

பாலமேறி வீட்டுக்குக் கொண்டுபோனபோது நாத்தனார் அதை விரிக்கச் சொல்லவில்லை. விளிம்பை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். “தைக்கக்கூட உதவாத துணி. மடிச்சு வெளியே போடு. மூஞ்சி உள்பக்கமா இருக்கட்டும்” என்றார்.

பேனரை இறக்கியது பற்றி அலுவலகத்திலிருந்து யாரும் கேட்க வரவில்லை. அவர்களுக்கு அதன் வேலை ஒரு காலையில் முடிந்திருந்தது. லிஃப்டுக்கான கூண்டில் புறாக்கள் குடியேறின. வேலியில் யாரோ இரண்டு கம்பிகளை வளைத்து இடைவெளி உண்டாக்கினார்கள். ஒல்லியானவர்கள் பக்கவாட்டில் நுழைந்து போனார்கள். அலுவலக ஆட்கள் வந்து பற்றவைத்தார்கள். வேறிடத்தில் வளைந்தது. எந்த இடைவெளியிலும் ஊன்றுகோல் நுழையவில்லை. அந்தப் பக்கத்து வாடிக்கைக்காரிகளுக்கு அந்தப் பக்கமே ஒரு கடை வந்தது. கத்திரி அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் இந்தப் படியேறி முடி வெட்டிக்கொள்ள வர மாட்டேன் என்றாள்.

நாத்தனாரை இந்தப் பக்கமே வந்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். மறுத்துவிட்டார். தன் சாவி, தன் கதவு, அதை விட்டுத் தர முடியாது. திரைக் கடைக்காரர்கள் துணியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, தைத்ததை வாங்கிப் போனார்கள். வெளியே வர வேண்டிய தேவை ஒவ்வொன்றாகக் கழன்றது. கடையின் மூலை மேஜையில் இப்போது ஷாம்பு பாட்டில்கள் இருந்தன.

கத்திரி தினமும் மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு பாலம் ஏறினாள். இரண்டு பேரும் பழையபடி சேர்ந்து சாப்பிட்டார்கள். நாத்தனார் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, குத்திக் காட்டவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்றால் நன்றாக இருக்கிறேன் என்பார். அந்த ‘நன்றாக’த்தான் கத்திரிக்குத் தாங்கவில்லை. முன்பெல்லாம் வலித்தால் வலிக்கிறது என்பார். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்பார். இப்போது அந்தக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. ஒரு தடவை எடுத்துக் கொடுத்து ஏமாந்ததை மறுபடி எடுத்துக் கொடுக்க அவர் தயாராக இல்லை. அதைக் கேட்கும் தைரியம் கத்திரிக்கும் இல்லை.

அடுத்த வருடம் ஒரு நாள் வேறொரு ஆள் வந்தான். இளவயது, பணிவான பேச்சு, கையில் டேப்லெட் கணினி. பேருந்து நிறுத்தத்தை இடம் மாற்றப் போகிறோம், இங்கே எல்லோரும் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டேன், ஒரு கூட்டம் வைத்துக்கொள்ளலாமா என்றான். நாற்காலியில் இரட்டைக் குழந்தைக்காரி உட்கார்ந்திருந்தாள். கோபம் ஆறி அவள் திரும்பி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

“தம்பி, படம் வரைஞ்சாச்சா?” என்று கேட்டாள் கத்திரி.

“இல்லக்கா. இன்னும் ஒண்ணும் முடிவாகல. அதுக்குத்தான் கேக்க வந்தேன்.”

அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். முன்பென்றால் ஒரு முகத்தைக் கண்ணாடியில் பார்த்த மாத்திரத்தில் நல்லது கெட்டது சொல்லிவிடுவாள். அந்தத் திறமையை வைத்தே அத்தனை காலம் தொழில் நடத்தியவள். இப்போது அவனை எவ்வளவு நேரம் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

இரட்டைக் குழந்தைக்காரி கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். நிறுத்தம் தள்ளிப்போனால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பது, நான் பேச வேண்டும் என்றாள். கத்திரி அவள் கழுத்துத் துணியை அவிழ்த்து உதறினாள். பேசு, நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் கடைக்குள் வேண்டாம் என்றாள். பாதி வெட்டிய தலையோடு அவள் வெளியே போய் அவனிடம் பேசினாள். பால்காரரும் போய் நின்றார். கத்திரி வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் கிடந்த முடியைக் கூட்டினாள்.

மத்தியானம் சாப்பிடும்போது நாத்தனாரிடம் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திக் கேட்டுக்கொண்டார்.

“எந்தப் பக்கம் மாத்தப் போறாங்களாம்?”

“நான் கேக்கல அண்ணி.”

“கேட்டிருக்கலாம்ல” என்றார் நாத்தனார்.

கத்திரி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கடை வாசல் தெரிந்தது, யாரோ கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, பூட்டியிருப்பது கண்டு திரும்பிப் போனார்கள். கேரியரைக் கழுவி அடுக்கி எடுத்துக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கத்திரி படியேறினாள்.